நீலகிரி மழையில் உண்ணி மருந்து: எது நிற்கிறது, எது கரைகிறது

"ஊட்டிக் குளிருக்கு உண்ணி எங்கே வரும்?" என்று கேட்பவர்கள் அடுப்பங்கரைச் சுவரின் விரிசலை உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். 2,240 மீட்டர் உயரத்தில், வெளிப்புல்லில் உண்ணிக்குச் சிரமம்தான். ஆனால் நாய்களிடம் அதிகம் காணும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தக்கூடியது. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, இருட்டான பிளவில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வீடு கதகதப்பாக இருந்தால் மாதம் எதுவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கீழே மசினகுடி, கூடலூர்ப் பக்கம் போனால் காட்டு உண்ணியும் சேர்ந்துகொள்ளும்.

கூடலூர், குன்னூர், ஊட்டி மூன்று இடத்திலும் சொட்டு மருந்து, மாத்திரை, குளியல் மருந்து என்று மூன்று வகையையும் மழைக்காலம் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்ததில் தெளிவானது இது: நாய்க்கு மாத்திரை, பூனைக்குச் சொட்டு மருந்து. குளியல் மருந்து மலைக்கு ஆகாது.

முதலில் சொட்டு மருந்து. அதிலுள்ள ஃபிப்ரோனில் என்ற மருந்து தோலின் எண்ணெய்ப் பசையில் பரவித்தான் வேலை செய்கிறது. அதனால் போடுவதற்கு முன்பும் பின்பும் 48 மணி நேரம் நாய் நனையக் கூடாது. ஜூலையில் கூடலூரில் நாயை இரண்டு நாள் நனையாமல் வைத்திருப்பது நடக்கிற காரியமா? மருந்து முழுதாகப் பரவும் முன்பே நாய் மழையில் ஊறிவிடுகிறது. மாதக் கடைசி வருவதற்குள் காது மடலில் மறுபடி உண்ணி. இன்னொரு கோளாறு போடும் முறையில். மலை நாய்களுக்கு அடிமயிர் அடர்த்தி. மேலோட்டமாகப் பிழிந்தால் மருந்து மயிரிலேயே காய்ந்துவிடும். பிடரியில் மயிரை இரண்டு பக்கமும் ஒதுக்கி, வெள்ளையாகத் தோல் தெரிந்த பிறகு, குப்பியின் முனை தோலில் படும்படி பிழிய வேண்டும். பெரிய நாயாக இருந்தால் முதுகோடு இரண்டு மூன்று இடத்தில் பிரித்துவிடலாம்.

மாத்திரைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. இரண்டு மருந்து உண்டு: அஃபாக்ஸோலேனர் மாதம் ஒன்று, ஃப்ளூராலேனர் 12 வாரத்துக்கு ஒன்று. ஃப்ளூராலேனரை வெறும் வயிற்றில் கொடுத்தால் சரியாக உடம்பில் சேராது. சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். எடைதான் கணக்கு. அஃபாக்ஸோலேனர் 4 முதல் 10 கிலோ வரை 28.3 மில்லிகிராம், 10க்கு மேல் 25 வரை 68, அதற்கு மேல் 50 வரை 136. கண் மதிப்பில் வாங்காதீர்கள், மயிர் அடர்ந்த நாய் எப்போதும் கனமாகத்தான் தெரியும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு இலை நிறுக்கும் தராசே இருக்கிறது. பெரிய மாத்திரையை உடைத்து இரண்டு சின்ன நாய்க்குக் கொடுக்கும் சிக்கனம் வேண்டாம். உடைத்த பாதியில் சரியான அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.

மாத்திரை கொடுத்தும் உடம்பில் உண்ணி ஊர்வதைப் பார்த்து, மருந்து போலி என்று முடிவு கட்டுவோர் அதிகம். இந்த மருந்து உண்ணியை விரட்டாது. கடித்து ரத்தம் குடித்த பிறகுதான் அது சாகும். பட்டுப்போய்த் தொங்கும் உண்ணியும் புதிதாக ஏறும் உண்ணியும் தெரியத்தான் செய்யும். இதில் ஒரு குறையும் உண்டு. உண்ணிக் காய்ச்சல் கிருமி, கடித்த சில மணி நேரத்திலேயே நாய்க்குள் போய்விடலாம். ஆகவே தேயிலைக் காட்டைச் சுற்றி வந்த நாயின் காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் அன்றன்றே தடவிப் பார்ப்பதை விடக் கூடாது. அகப்பட்டதைத் தோலை ஒட்டி ட்வீசரால் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். தீக்குச்சி, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். வலிப்பு வரும் நாய்க்கு இந்த வகை மாத்திரையே கூடாது என்று டாக்டர் சொல்லலாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நரம்புப் பக்கவிளைவு பற்றி 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்திருக்கிறது.

குளியல் மருந்தான அமிட்ராஸ் விலை குறைவு, கடைகளிலும் எளிதாகக் கிடைக்கிறது. 12.5 சதவீத மருந்தில் லிட்டருக்கு 2 மில்லி கலந்தால் 250 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 250 பங்கு. ஊற்றிய பிறகு கழுவாமல், நாய் நக்கவிடாமல், அப்படியே காயவிட வேண்டும். மேகமூட்டத்தில் அது எப்போது காய்வது? மருந்தே நாயை மந்தமாக்கி உடல் சூட்டைக் குறைக்கும், மேலே ஈரக்குளிர் வேறு. பிப்ரவரி, மார்ச் வெயிலில் வேண்டுமானால் பார்க்கலாம். மீந்த தண்ணீரை ஓடையில் கொட்டினால் மீன் செத்துப்போகும்.

பூனை விஷயத்தில் கவனம் இரட்டிப்பு. பூனைக்கான ஃபிப்ரோனில் குப்பி அரை மில்லிதான். நாய்க் குப்பியில் மீந்ததைப் பூனைக்கு விடவே விடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் நடுக்கம், வலிப்பு, சாவு வரை போகும். தவறிப் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் போட்டுக் கழுவி, போர்த்தி, உடனே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். வீட்டுக்கு வீடு இருக்கும் நீலகிரித் தைலமும் பூனைக்கு விஷம். நம் ஊர் மருந்துதானே என்று தடவுகிறார்கள்.

தெள்ளுப்பூச்சிக்கு மருந்தைவிடப் பலகைத் தரைதான் முக்கியம். பழைய பங்களாக்களில் பலகை இடுக்கில் விழும் கூட்டுப்புழுவை எந்த ஸ்பிரேயும் தொடாது. காலடி அதிர்வும் உடல் சூடும் பட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த காட்டேஜை மே சீசனுக்குத் திறந்ததும் காலில் ஏறுவது இதனால்தான். இடுக்கை வாக்குவம் போட்டு, கம்பளியை வெந்நீரில் அலசி, வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைக்கும் மூன்று மாதமாவது விடாமல் மருந்து கொடுக்க வேண்டும். இருக்கிறதா என்று சந்தேகமா? சீப்பால் வாரி விழும் கறுப்புப் பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். மலத்தில் அரிசி போல நாடாப்புழுத் துண்டு வந்தாலும் மூலம் தெள்ளுதான். குடற்புழு மாத்திரை மட்டும் கொடுத்தால் அது திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

அட்டைக்கு இவை எதுவும் பயன்படாது. காலில் ஒட்டினால் உப்புப் போதும். மூக்கில் ஏறியதுதான் தொந்தரவு: ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம், விடாத தும்மல். ஓடைத் தண்ணீர் குடித்த நாய்க்கு இப்படி இருந்தால் மூக்குக்குள் உப்புப் போடாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு கிண்ணத்தில் தெளிந்த தண்ணீரை மூக்கருகில் வையுங்கள். ஈரம் தேடி அட்டையின் நுனி வெளியே நீளும். அந்த நொடியில் ஃபோர்செப்ஸால் பிடித்து, அறுந்துவிடாமல் மெதுவாக இழுக்க வேண்டும். வழுக்கினால் மறுபடி தண்ணீர் வைத்துக் காத்திருங்கள். இரண்டாம் முறையும் நழுவினால் டாக்டரிடம் போய்விடுங்கள்.