டயலாக் ஏபிஎல்: காலிப் பட்டியலை எப்படி நடத்துகிறது?

மொரீஷியஸின் எபேனில் என்னோடு வேலை செய்யும் தம்பிகள் டயலாக் ஏபிஎல் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாராளமாக. வணிகம் சாராத உபயோகத்துக்கு இலவசம், சின்னங்கள் முதலில் மிரட்டும், அப்புறம் விரல் பழகிவிடும். ஆனால் காலிப் பட்டியல்களை ஒப்பிடும் இடத்தில் கவனம் வேண்டும், அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

கடைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். காவடி அன்று மொரீஷியஸில் அரசு விடுமுறை, போர்ட் லூயி கிளை மூடியிருக்கும், ரிட்டர்ன் பட்டியல் காலி. தலைமை அலுவலகப் பட்டியலும் காலி என்றால் ∧/⍬=⍬ என்பதற்கு 1, அதாவது உண்மை என்று வரும் (⍬ காலி எண் பட்டியல், = ஒவ்வொன்றாக ஒப்பிடும், ∧/ எல்லாமே உண்மையா என்று பார்க்கும், பொய் என்றால் 0). மறுக்க ஒன்றுமே இல்லாதபோது எல்லாம் உண்மைதான், ∧ செயலுக்குச் சமனி உறுப்பு 1, அதில் தப்பில்லை. ஆனால் மறுபக்கம் 1200 ரூபாய் ரிட்டர்ன் ஒன்றே ஒன்று இருந்தால்? ∧/⍬=1200, இதற்கும் 1! ஒற்றை எண்ணை எதிர்ப்பக்கத்தின் நீளத்துக்கு நீட்டுவது வழக்கம், அந்த நீளமே பூஜ்யம் என்றால் எண் காணாமல் போய்விடுகிறது. 1200 450 என்று இரண்டு இருந்தால் உடனே நீளப் பிழை காட்டும். ஒன்று மட்டும் இருந்தால்தான் சத்தமில்லாமல் நழுவும். பைத்தானின் எண் பட்டியல் நூலகமான நம்பையிலும் (NumPy) இதே கதைதான்.

இதற்குத்தான், இரண்டு பக்கமும் முழுக்க ஒன்றா என்று பார்க்கும் ≡ இருக்கிறது. ⍬≡1200 போட்டால் பளிச்சென்று 0. வடிவத்தையும் பார்ப்பதால், ஒரு வரிகூட இல்லாத அட்டவணையாக இருந்தாலும் மூன்று பத்தி உள்ளதும் ஐந்து பத்தி உள்ளதும் ஒன்றல்ல என்று சொல்லிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த குணம் இது.

என் ஒரே குறை ''≡⍬ என்பதற்கு 0 வருவது. காலி எழுத்துப் பட்டியலும் காலி எண் பட்டியலும் இங்கே வேறு வேறு. ஏபிஎல்லை உருவாக்கிய ஐவர்சனும் ரோஜர் ஹுயியும் 1990இல் கொண்டுவந்த ஜே மொழியில் ''-:0$0 என்றால் 1 (அங்கே ≡க்குப் பதில் -:, ⍬க்குப் பதில் 0$0). கோப்பிலிருந்து வரும் காலிப் பத்தி எழுத்தா எண்ணா என்பது பல நேரம் நம் கையில் இல்லை, ஆகவே ஜே செய்வதுதான் கணக்கு வேலைக்குத் தோது. டயலாக்கின் நியாயமும் புரிகிறது: ↑ கேட்ட அளவு உறுப்புகளை எடுத்து, போதாததை நிரப்பும்; 3↑'' மூன்று இடைவெளி தருகிறது, 3↑⍬ மூன்று பூஜ்யம் தருகிறது, வகை தெரியாமல் எதைக் கொண்டு நிரப்புவது? ஆனால் ஒப்பிடும்போது அந்த வகையை விட்டுவிட ஒரு வழி உள்ளேயே இருந்திருக்கலாம்.

அதுவரை, முதலில் இரண்டு பக்கத்துக்கும் ⍴ தரும் வடிவங்களை ≡ போட்டுப் பாருங்கள், அது 1 என்றால் மட்டும் ∧/ பக்கம் போங்கள். சாதாரணத் தட்டைப் பட்டியல்களுக்கு அது போதும்.