ஆலன் வாட்ஸ்: பல வருடங்கள் கேட்ட பிறகு

கிழக்கத்தியத் தத்துவங்களை மேற்கத்தியர்களுக்கு விளக்கிய பேச்சாளர் ஆலன் வாட்ஸின் உரைகளைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். பெரும்பாலும் பேருந்தில், இல்லாவிட்டால் ராத்திரி பாத்திரம் கழுவும்போது. இன்றுவரை சலிக்காதது அந்தக் குரல்தான். லேசாகக் கரகரத்த இங்கிலாந்து உச்சரிப்பு, பேச்சின் நடுவே தனக்குத்தானே ரசித்துச் சிரிக்கும் சிரிப்பு.

கடவுள் தன்னையே மறந்து ஒளிந்து விளையாடுகிறார், நாமெல்லாம் அந்த விளையாட்டில் அவர் போட்ட வேடங்கள் என்று அடிக்கடி சொல்வார். அமெரிக்கர்கள் வாய்பிளந்திருப்பார்கள். திருவிளையாடல் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் பெரிய அதிர்ச்சி எதுவும் கிடையாது. அவரிடம் நான் கற்றுக்கொண்டது மேற்கைப் பற்றித்தான். உலகத்தைக் குயவர் பானை செய்வதுபோல ஒருவர் வெளியே நின்று செய்தார் என்ற எண்ணம் அங்கே எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது, நம்பிக்கை போன பிறகும் அந்தச் சட்டகம் எப்படி விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் பிரமாதமாக விளக்குவார்.

அது அவருக்கு உள்ளிருந்தே தெரியும். 1915இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர், பள்ளிப் பருவத்திலேயே லண்டன் பௌத்தர்களோடு சேர்ந்துவிட்டார். 1936இல் ஜென் என்ற பௌத்தப் பிரிவைப் பற்றி அவருடைய நூலும் வந்துவிட்டது. 1938இல் அமெரிக்கா போனார். அங்கே எபிஸ்கோப்பல் என்ற கிறிஸ்தவ சபையில் பாதிரியாராகி, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மதகுருவாக இருந்தார். 1950இல் அதையும் விட்டார். இதைப் படித்த பிறகு உரைகளே எனக்கு வேறு மாதிரி கேட்டன. எங்கே நிறுத்துவது, எங்கே குரலை இறக்குவது என்பதெல்லாம் பிரசங்க மேடைப் பழக்கம்.

ஜென் ஆசிரியர் சொகெய்-ஆனிடம் நியூயார்க்கில் கொஞ்ச காலம் பயின்றார், அது நிலைக்கவில்லை. (அந்த ஆசிரியர் பிறகு வாட்ஸின் மாமியாரையே மணந்துகொண்டார் என்பது தனிக்கதை.) உட்கார்ந்து தியானம் பயிலாமல் ஜென் பேசுகிறார் என்ற குறை அவர்மேல் கடைசிவரை இருந்தது. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனால் அவர் குரு வேடம் போடவில்லை, தத்துவக் கேளிக்கையாளன் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டார். 1953இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் கேபிஎஃப்ஏ வானொலியில் சம்பளமில்லாமல் பேசத் தொடங்கியதுதான் அவர் பெயரைப் பரப்பியது. அப்புறம் சாசலிட்டோவில் வலேஹோ என்ற பழைய படகில் குடியிருந்தார்.

குறைகள் உண்டு. நிறைய கேட்டால் ஒரே சரக்கு திரும்பத் திரும்ப வரும். பாட்டை யாரும் முடிப்பதற்காகப் பாடுவதில்லை என்ற உதாரணத்தை எத்தனை உரைகளில் கேட்டேனோ! வாழ்க்கையும் பேச்சளவுக்குச் சுமுகமில்லை. மூன்று திருமணம், ஏழு பிள்ளைகள், கடைசிக் காலத்தில் கடும் குடி. 1973 நவம்பரில் 58 வயதில் இறந்தார். பதற்றமில்லாமல் வாழச் சொன்னவர் இவ்வளவு குடித்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதற்காகக் கேட்பதை நிறுத்தவில்லை, அறிவுரைபோல வரும் பகுதிகளை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போதைய தலைவலி போலிகள். பின்னணி இசையோடு வரும் துண்டு வீடியோக்களில் பலவற்றில் அவர் குரலைக் கணினியில் செய்து ஒட்டியிருக்கிறார்கள். போலியைக் கண்டுபிடிக்க நான் கவனிப்பது சிரிப்பைத்தான். அசல் பதிவில் இருமல் வரும், கூட்டம் சிரிக்கும், பேச்சு எங்கோ சுற்றிவிட்டு வரும். போலியோ ஒரே சீராக, தன்னம்பிக்கை வகுப்பு மாதிரி ஓடும்.

தியான முறை தேடுபவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார். மற்றவர்கள் 1957இல் வந்த ‘தி வே ஆஃப் ஜென்’ நூலின் முதல் பாதியில் தொடங்கலாம். சீனத்தின் தாவோ மரபிலிருந்தும் பௌத்தத்திலிருந்தும் ஜென் எப்படி வளர்ந்தது என்று நிதானமாகச் சொல்கிறார். அதன்பின் முழு நீள உரைகளுக்குப் போங்கள். துண்டுகளை இப்போதெல்லாம் நான் பார்ப்பதே இல்லை.