தகடா, துணியா, மரமா? கொட்டகையில் கட்டப்போகும் முதல் விமானம்

ஐடிஐயில் ஃபிட்டர் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பாளையங்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் 30 அடிக்கு 14 அடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதில் இரண்டு பேர் உட்காரும் விமானத்தைக் கிட்டாக, அதாவது தனித்தனிப் பாகங்களாக, வாங்கிக் கட்டுவது என்று முடிவு செய்து ஆறு மாதமாகிறது. விஷயம் கசிந்ததும் தெருவில் ஒருவர், “மகேந்திரகிரியிலயா இருந்தீங்க?” என்று கேட்டார். அங்கே ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிறார்கள். எனக்கு நூறு குதிரைத்திறன் போதும்.

எந்த விமானம் என்பதைவிட எந்தப் பொருளில் கட்டுவது என்பதுதான் முதல் கேள்வி. வேகம், தூரம் எல்லாம் விளம்பரத் தாளில் வந்துவிடும். வெயிலும் மழையும் பேத்தி காதுகுத்தும் குறுக்கே வந்து வேலை இரண்டு மாதம் நின்றுபோனால் எது தாங்கும், நான் செய்த தப்பு எதில் என் கண்ணுக்குத் தெரியும் என்பதை அந்தத் தாள் சொல்லாது. நான் பார்த்தது அதைத்தான்.

ஆசை முதலில் மரத்தின் மேல்தான் போனது. பீட்டன்பால் ஏர் கேம்பர் என்று ஒன்று. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து பெர்னார்ட் பீட்டன்பால், 1920களின் கடைசியில் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினை வைத்துப் பறக்கவிட்டது. இன்றைக்கும் வரைபடம் வாங்கி ஆட்கள் கட்டுகிறார்கள். செலவு குறைவு, சத்தம் இல்லை, கொட்டகை முழுக்க மர வாசனை. நமக்குத் தெரிந்த ஆசாரியிடம் வரைபடத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தேக்கு போடுங்க சார்வாள், நூறு வருஷம் நிக்கும்” என்றார். “நிக்கக் கூடாது ஆசாரி, பறக்கணும்” என்றேன். தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. விமானத்துக்கு எடுக்கும் ஸ்ப்ரூஸ் 430 பக்கம்தான் வரும். அதிலும் ரேகை 15 அங்குலத்துக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் சாயக் கூடாது. அப்படி மரம் வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் வரவேண்டும்.

சரி, மரம் வரட்டும், பசை ஒட்டிப் பழகுவோம் என்று சித்திரை மாதத்தில் எப்பாக்ஸி கலந்தேன். கலந்தபின் 45 நிமிஷம் வேலை செய்யலாம் என்று டப்பாவில் போட்டிருந்தது. அது 25 டிகிரி கணக்கு. கொட்டகைக்குள் 38. பதினைந்தாவது நிமிஷம் கிண்ணம் கையைச் சுட்டது, பசை பாகு முற்றியதுபோல் இறுகிவிட்டது. அதற்குள் அவசரமாக இரண்டு துண்டை ஒட்டி கிளாம்ப் போட்டிருந்தேன். மறுநாள் பார்த்தால் ஓரத்தில் பசை பிதுங்கி, இணைப்பு லட்சணமாக இருந்தது. வைஸில் கடித்துச் சுத்தியலால் ஒரு தட்டு. நல்ல ஒட்டு என்றால் மரம் கிழிந்து நார் நாராக வரவேண்டும். எனக்கோ கண்ணாடி மாதிரிப் பளபளவென்று பசை மட்டும் பிரிந்து வந்தது. அன்றைக்கே மரத்தின் மேல் இருந்த காதல் பாதி போய்விட்டது. விடிகாலை ஐந்து மணிக்குக் கலந்தால் பிரச்சினை குறையும், உண்மைதான். ஆனால் இறக்கைக்குள் அப்படி ஒரு மோச ஒட்டு இருந்தால் வெளியே தெரியாது. கரையானைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

கண்ணாடி இழை, ஃபோம் வைத்துக் கட்டும் ரகமும் இருக்கிறது. அதே எப்பாக்ஸி, பத்து மடங்கு அளவில். தேய்த்துத் தேய்த்துத் தூசியில் குளிக்க வேண்டும். அதை அத்தோடு விட்டேன்.

அடுத்தது இரும்புக் குழாய்க் கூட்டின் மேல் துணி. கிட்ஃபாக்ஸ் என்ற விமானம் இந்த ரகம். உடற்கூடு தொழிற்சாலையிலேயே வெல்டிங் ஆகி வரும், இறக்கையைப் பின்பக்கமாக மடக்கலாம். நம் தெரு அகலத்துக்கு இது பெரிய வசதி. பாலியஸ்டர் துணியை ஒட்டி, தேய்ப்புப்பெட்டியால் சூடு காட்டினால் மத்தளத் தோல் மாதிரி இறுகிவிடும். கடைசிச் சூடு 177 டிகிரி. அதைத் தாண்டினால் துணி தளர ஆரம்பித்துவிடும். அதனால் பெட்டியின் திருகை நம்பாமல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. இடிப்பது நம் ஊர்தான். இந்தத் துணிக்கு வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்தான் எமன். அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சை ஒழுங்காகக் கொடுத்தால்தான் பிழைக்கும். பூச்சு அடிக்கக் காற்றில்லாத, தூசியில்லாத நாள் வேண்டும். ஆனி, ஆடியில் காற்றாடி சுற்றும் சீமையில் அந்த நாளை எங்கே தேடுவது? தின்னர் நெடியை வீட்டுக்குள் விடாமல் இருப்பது தனிப்பாடு.

கடைசியாக அலுமினியத் தகடு. எனக்குப் பழகிய பொருள், அதனால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். இதிலும் இரண்டு சாதி. வேன்ஸ் என்ற கிட் நிறுவனத்தின் ஆர்வி-7, ஆர்வி-8 போன்ற விமானங்களில் தகட்டோடு தகட்டை இணைப்பது பெரும்பாலும் கெட்டி ரிவெட், அதாவது அடித்து நசுக்கும் ஆணி. ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் அடிக்க, இன்னொருவர் பின்னால் இரும்புக் கட்டியை அணைத்துப் பிடிக்க வேண்டும். பழகிப் பார்த்தோம். என் வீட்டுக்காரி கட்டி பிடித்தாள், நன்றாகவே பிடித்தாள். ஆனால் மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்கும் சத்தம், தெருவுக்கே. அதே நிறுவனத்தின் ஆர்வி-12, அப்புறம் ஜெனித் சிஎச் 750 எல்லாம் பெரும்பாலும் பாப் ரிவெட், ஒரு பக்கமிருந்தே இழுத்து இறுக்குவது. ஒரே ஆள், ஒரு கைக்கருவி, ‘டக்’ என்று ஒரு சத்தம்.

தப்பு தெரிவதில்தான் தகடு ஜெயிக்கிறது. 3.2 மில்லிமீட்டர் கெட்டி ரிவெட் என்றால், அடித்து முடித்த தலை சுமார் 4.8 அகலம், 1.6 உயரம் இருக்க வேண்டும். அளவுத் தகட்டை வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். சரியில்லையா, தலையைத் துளையிட்டு எடுத்துவிட்டு வேறு போடலாம். நான் ஒன்றை எடுக்கும்போது டிரில் வழுக்கி ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது. அடுத்த அளவு ரிவெட் போட்டு மூடினேன். அவமானம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிந்த அவமானம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் வேலையைப் போட்டுவைத்தாலும் தகடு கோபித்துக்கொள்ளாது. உள்பக்கம் பிரைமர் மட்டும் ஒழுங்காக அடித்தால் போதும்.

எதைக் கட்டினாலும் மாறாத தலைவலி இரண்டு. ஒன்று பெட்ரோல். இந்த ரகங்களில் பலரும் போடுவது ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின். அது எத்தனால் 10 சதவீதம் வரைதான் ஏற்கும். நம் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம். எஞ்சின் வாங்குமுன் எரிபொருளுக்கு வழி பார்க்க வேண்டும். இன்னொன்று காகிதம். மும்பை விமானி அமோல் யாதவ் மொட்டைமாடியில் கட்டிய விமானத்துக்கு, மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏவின் பதிவு கிடைத்தது 2017இல், அதற்கு முன் பல வருஷ அலைச்சல். அதனால் முதல் ரிவெட்டுக்கு முன்னாலேயே டிஜிசிஏவுக்கு எழுதிக் கேட்பது என்று வைத்திருக்கிறேன். கேரளத்துத் தொடுபுழா பக்கத்து சஜி தாமஸ் வீட்டில் கட்டிய இருவர் விமானம் பறந்துகாட்டியது நம் மணிமுத்தாறில்தான் என்பது ஒரு தெம்பு.

முழுக் கிட்டும் ஒரேயடியாக வேண்டாம். ஆர்வி-12க்கு வால் பகுதியை மட்டும் முதலில் வாங்குகிறேன். அது பிடிக்காமல் போனால் நஷ்டம் அந்த அளவோடு நிற்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அன்று இந்தக் கொட்டகையில் முழங்கால் தண்ணீர். அதனால் பெட்டிகளுக்கு நாலடி உயரத்தில் பரண், அதன் பக்கத்தில் பன்னிரண்டு அடி மேசை. மேசை கோணினால் இறக்கையும் கோணும் என்று ஆசாரியிடம் கண்டித்துச் சொன்னேன்.

“இது பறக்க வேண்டாம்லா சார்வாள்?” என்று கேட்டார்.

“வேண்டாம்.”

“அப்ப தேக்கே போட்டுருவோம்.”