மலைத்தோட்ட வேலைக்குப் பூட்ஸ், தோல் கையுறை, டார்ச்: குழிவிரியனுக்கு எது உதவும்?

குமரி மாவட்ட மலையில் மாறாமலை, கீரிப்பாறை பக்கம் கிராம்பு பறிக்கவும் நல்லமிளகு பறிக்கவும் போகிறவர்கள் பாம்புக்குப் பயந்து முதலில் வாங்குவது முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். நல்ல பொருள்தான். குழிவிரியன் என்பது கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே குழி உள்ள விஷப்பாம்பு. அதில் சருகுக்குள் கிடக்கும், மூக்கு நுனி தூக்கிய சின்ன வகைக்கு பூட்ஸ் போதும்.

மலபார் குழிவிரியன் கணக்கே வேறு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இந்தப் பாம்பு பகலில் பெரும்பாலும் கிளையிலோ கொடியிலோ சுருண்டு கிடக்கும், சில நேரம் நம் நெஞ்சு உயரத்தில். பச்சை, மஞ்சள், பழுப்பு என்று பல நிறம் உண்டு. பாசி பிடித்த பட்டையில் பட்டையாகவே தெரியும். கம்பால் தட்டினால் ஓடிவிடும் என்று நம்ப வேண்டாம். தன் நிறத்தை நம்பி அசையாமல் கிடக்கிற பாம்பு இது. பார்க்காமல் கை வைத்தால் கடி கையில்தான்.

அதனால் காசைக் கையுறைக்குப் போடுங்கள். வெல்டிங் வேலைக்கு விற்கிற 14 அங்குலத் தோல் கையுறை மணிக்கட்டைத் தாண்டி மறைக்கும். பின்னல் நூல் கையுறை வேண்டவே வேண்டாம், பல் சுலபமாக இறங்கும். தோல் கையுறையிலும் குறை உண்டு: விரல் தடித்துப்போவதால் மொட்டுப் பறிக்க வராது, கடைசியில் கழற்றி வைத்துவிடுவார்கள். கிளை பிடிக்கிற கைக்கு மட்டும் போட்டால் வேலை நடக்கும். நனைந்ததை வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும், நிழலில் காயவையுங்கள். தடித்த தோலும் முழு உத்தரவாதம் இல்லை.

விளக்கில் தலைவிளக்கை விட டார்ச்சுக்கே என் ஓட்டு. நெற்றியிலிருந்து நேராக விழும் ஒளியில் நிழல் தெரியாது. டார்ச்சை இடுப்பருகே பிடித்துச் சாய்வாக அடித்தால் சுருளின் விளிம்பும் முக்கோணத் தலையும் எழும்பித் தெரியும். பார்த்த பிறகே தொரட்டி போடுங்கள், கிளைக்கு நேர்கீழே நிற்காமல்.

கடித்தால் மோதிரம், வளையலைக் கழற்றி, கையை அசைக்காமல் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கட்டுவதும் கீறுவதும் கூடாது. இங்கே போடும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற 4 பாம்புகளின் நஞ்சுக்கானது. குழிவிரியன் அதில் இல்லை. மரத்தில் இருந்ததா, தரையிலா, என்ன நிறம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போனால் இன்னொரு கடிதான் மிஞ்சும்.