தாய்லாந்து மொழி: பேச்சா, எழுத்தா, எது முதலில்?

ஆங்கில எழுத்தில் குறித்துவைத்துப் பேசப் பழகினால் சீக்கிரமே கடையில் சாப்பாடு வாங்கலாம். வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ மாறாது, பெரிய நிம்மதி. சிக்கல் தொனியில்தான், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கத்தில். மொத்தம் 5. ‘க்லை’ என்று சமமாகச் சொன்னால் தூரம். குரலை மேலிருந்து கீழே இறக்கினால் பக்கம்! வழி கேட்கும்போது மாறினால் கதை கந்தல். ஆங்கில எழுத்திலோ இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்.

எழுத்தில் தொடங்கினால் ஆரம்பத்தில் கண் கட்டும். 44 மெய்யெழுத்து, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. ஆனால் தொனியை எழுத்தே காட்டிக்கொடுக்கும். அப்புறம், வரிசை நமக்குப் பழக்கமானது: க-வில் தொடங்கி ங, ச-வில் தொடங்கி ஞ. தமிழ், தாய் இரண்டும் பிராமி என்ற பழைய எழுத்தின் வழி வந்த உறவு.

ஒரு வாரச் சுற்றுலாவுக்குப் பேச்சு போதும். தங்கப் போகிறவருக்கு எழுத்துதான் என்பேன்.