மஞ்சள் கருவா, எண்ணெய்க் கரண்டியா?

தருமபுரியில் எங்கள் வீட்டுக் காலை உணவில் முட்டைக்கு மூன்று கட்சிகள் உண்டு. கணவருக்கு ஆம்லெட். எடை குறைக்கும் தங்கைக்கு வெள்ளைக்கரு மட்டும். எனக்கு வேகவைத்த முழு முட்டை. கலோரி கணக்கு எழுதத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சண்டைக்கு நியாயமான தீர்ப்பு கிடைத்தது.

நாமக்கல் பக்கமிருந்து வரும் வெள்ளை முட்டை, ஓடு நீக்கினால் சுமார் 50 கிராம். அதில் ஏறத்தாழ 72 கலோரி, 6 கிராமுக்குச் சற்று மேல் புரதம். வெள்ளைக்கருவின் பங்கு 17 கலோரிதான். மீதி 55 மஞ்சள் கருவுடையது. இதைப் பார்த்துத்தான் தங்கை மஞ்சள் கருவைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தாள்.

ஆனால் அவள் தட்டை முழுதாகக் கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு வெள்ளைக்கரு 68 கலோரி. அதைத் தோசைக்கல்லில் ஊற்ற இரண்டு தேக்கரண்டி எண்ணெய். ஒரு தேக்கரண்டிக்கு 40 என்று வைத்தால், மொத்தம் 148. நான் சாப்பிடும் இரண்டு வேகவைத்த முட்டை 144! அவளுக்குப் புரதம் 14 கிராம், எனக்கு 12½. இந்தச் சிறிய லாபத்துக்காக அவள் இழந்தது பெரிது: வைட்டமின் ஏ, டி, கோலின் என்னும் சத்து எல்லாம் மஞ்சள் கருவில்தான் இருக்கின்றன. எண்ணெயில்லாமல் வேகவைத்து வெள்ளைக்கருவை மட்டும் தின்றால் கலோரிக் கணக்கில் அவள்தான் வெல்வாள், மறுக்கவில்லை. பதினொரு மணிக்குப் பசி வந்து முறுக்கு டப்பாவைத் திறந்ததும் அவள்தான்.

கொழுப்புப் பயம் வேறு. ஒரு மஞ்சள் கருவில் சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்று இருந்த வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-இல் எடுத்துவிட்டது. சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டு எண்ணிக்கையை முடிவு செய்வது நல்லது.

ஆம்லெட்டில் குற்றவாளி முட்டையல்ல, அளக்காமல் ஊற்றும் எண்ணெய். இரண்டு முட்டை ஆம்லெட் 144-இல் தொடங்குகிறது. ஒரு சின்னக் குழிக்கரண்டி (மூன்று தேக்கரண்டி) எண்ணெய் விழுந்தால் 260-ஐத் தாண்டுகிறது. வீட்டில் அளந்து ஒரு தேக்கரண்டி விட்டால் 185-க்குள் முடித்துவிடலாம். வெங்காயம், பச்சைமிளகாய் எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள். கடையில் போடும் கலக்கி எனக்கும் உயிர்தான். ஆனால் அதில் சேரும் குழம்பின் எண்ணெயை யாரால் அளக்க முடியும்? கணக்கு எழுதும் நாட்களில் நான் அதைத் தொடுவதில்லை.

பச்சை முட்டை குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1998-இல் வெளியான பெல்ஜிய ஆய்வில், வெந்த முட்டைப் புரதத்தில் சுமார் 90 சதவீதம் செரித்தது. பச்சையில் 50 சதவீதம்தான். கலோரி குறைத்துச் சாப்பிடும்போது புரதத்தில் பாதியை வீணாக்கலாமா? கிருமி அபாயமும் இருக்கிறது.

நாட்டுக்கோழி முட்டை சிறியது, அதனால்தான் கலோரியும் குறைவு. எடைக்கு எடை பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. ருசிக்காக வாங்குங்கள், எடை குறையும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

துணைக்கு என்ன என்றால் என் ஓட்டு நம் ஊர் ராகிக்களிக்கு. 50 கிராம் மாவில் கிளறினால் 160 கலோரி. இரண்டு முட்டை சேர்த்தால் 304. களிக்கு எண்ணெய் தேவையில்லை, தோசைக்கு வேண்டும். மேலும் 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் இருக்கிறது. முட்டையில் அது குறைவு.

தங்கைக்கு நான் சொன்ன வழி, ஒரு முழு முட்டையோடு இரண்டு வெள்ளைக்கரு, எல்லாம் வேகவைத்தது. 106 கலோரி, புரதம் 13½ கிராம். மிஞ்சும் இரண்டு மஞ்சள் கருவையும் வளரும் வயதில் இருக்கும் என் மகன் மிளகுத்தூள் தூவிச் சாப்பிட்டுவிடுகிறான்.