5.5 சதவீத வட்டியும் 55,000 தள்ளுபடியும்: திருப்பூரில் ஒரு கார் வாங்கிய கணக்கு

2025 டிசம்பரில் ஒரு சின்ன கார் வாங்கினோம். 1.2 லிட்டர் பெட்ரோல், எக்ஸ்-ஷோரூம் விலை (சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை) 7,20,000. ஒரே கம்பெனியின் இரண்டு டீலர்களிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒன்று கோவை அவிநாசி ரோட்டில் இருக்கும் பெரிய ஷோரூம்; ஏசி, காபி மெஷின், வாசலில் வணக்கம் சொல்ல ஓர் ஆள். இன்னொன்று எங்கள் திருப்பூர்ப் பக்கம், பழைய குடோனை மாற்றிக் கட்டிய சின்ன ஷோரூம். கடனுக்கும் இரண்டு இடம்: பெரிய ஷோரூம் கைகாட்டிய தனியார் ஃபைனான்ஸ், என் சம்பளம் வரவாகும் பொதுத்துறை வங்கி. யார் பெயரையும் எழுதப் போவதில்லை. கார் எப்படி ஓடுகிறது என்றும் எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பில்லைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்கு அந்தத் தாள்தான் முதலில் கண்ணில் படுகிறது.

பெரிய ஷோரூமிலிருந்து தொடங்குகிறேன். வாசலில் 'மொத்தப் பலன் 1,22,000 வரை' என்று ஒரு பேனர். பிரித்துச் சொல்லுங்கள் என்றேன். அதில் 67,000 ஜிஎஸ்டி குறைந்த பலனாம். செப்டம்பர் 22-ஆம் தேதி சின்ன கார்களுக்கு 28 சதவீதம் 18 ஆனதும், மேலே இருந்த செஸ் போனதும் ஊருக்கே தெரியும். அரசு குறைத்த வரியை ஷோரூம் தன் தள்ளுபடிக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. அதுவும் விலை ஏற்கெனவே குறைந்த பிறகு.

மீதி 55,000. அதையும் பிரிக்கச் சொன்னேன். கன்ஸ்யூமர் ஆஃபர் 15,000. பழைய கார் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000. எங்களிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். கார்ப்பரேட் தள்ளுபடி 5,000. எங்கள் கம்பெனி அவர்கள் பட்டியலில் இல்லை. கடைசி 15,000, ஃபைனான்ஸும் இன்சூரன்ஸும் அவர்களிடமே எடுத்தால் மட்டும். ஆக, ஷோரூமுக்குள் நுழைகிற எனக்கு நிபந்தனை இல்லாமல் கிடைப்பது 15,000. 'வரை' என்ற இரண்டெழுத்துக்கு இவ்வளவு வேலை.

ஆன்-ரோடு தாள், அதாவது வண்டி ரோட்டில் இறங்கும்வரை ஆகும் மொத்தச் செலவு, இப்படி இருந்தது. சாலை வரி 93,600. இதில் பேச ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 2023 நவம்பரிலிருந்து 13 சதவீதம். இன்சூரன்ஸ் 43,800. ஆர்டிஓ செலவு 9,800. ஹேண்ட்லிங் சார்ஜ் 7,500. ஆக்சஸரீஸ் கிட் 14,500. கூடுதல் வாரண்டி 11,200. ஃபாஸ்டேக் 600. மொத்தம் 9,01,000. அவர்கள் சொல்கிறபடி எல்லாவற்றையும் அவர்களிடமே எடுத்தால் இரண்டு 15,000-மும் சேர்ந்த 30,000 போக 8,71,000.

ஆர்டிஓ 9,800 எப்படி வந்தது என்று கேட்டேன். பதிவுக் கட்டணம் 600, கடன் பதிய 1,500, ஸ்மார்ட் கார்டு 200. சில்லறைக் கட்டணங்கள் இன்னும் கொஞ்சம் சேரும், சரி. ஆனால் பத்தாயிரத்தைத் தொடுவதற்கு வழியில்லை. எக்சிகியூட்டிவ் பையன் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அது ஆபீஸ் செலவு சார்" என்றான். அதுவரை ஒவ்வொரு பதிலும் அவரைப் பார்த்தே வந்தது. கேள்வி கேட்பது நான். "கணக்கெல்லாம் அவங்கதான் தம்பி" என்று அவர் சொன்ன பிறகுதான் கால்குலேட்டர் என் பக்கம் திரும்பியது. ஹேண்ட்லிங் சார்ஜ் எதற்கு என்றதற்கு, யார்டிலிருந்து ஷோரூமுக்கு வண்டியை ஓட்டி வரும் செலவு என்றான். வியாபாரத்துக்குச் சரக்கை வரவழைப்பது வியாபாரியின் செலவு. எங்கள் கம்பெனி துணிக்கட்டு அனுப்பும்போது, அதை அலமாரியில் அடுக்கும் கூலியைக் கடைக்காரர் தன் வாடிக்கையாளர் பில்லில் எழுதினால் யார் கொடுப்பார்கள்?

இன்சூரன்ஸ் விஷயம் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டியது. புது காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், 2018 செப்டம்பரிலிருந்து. 1000 சிசிக்கு மேல் 1500 வரை அதற்குப் பிரீமியம் 10,640, வரி தனி. இது அரசு நிர்ணயித்த தொகை. யாரிடம் எடுத்தாலும் ஒன்றுதான். வித்தியாசம் வருவது நம் வண்டிச் சேதத்துக்கான ஒரு வருடப் பகுதியில். அதில் எவ்வளவு தள்ளுபடி தருவது என்பது காப்பீட்டு நிறுவனத்தின் இஷ்டம். அதே நிறுவனம், அதே ஐடிவி (வண்டிக்குப் போடும் காப்பீட்டு மதிப்பு), அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத காப்பீடு), அதே ஆட்-ஆன்கள் போட்டு நேரடியாக விலை பார்த்தேன்: 33,200. ஷோரூம் தாளைவிட 10,600 குறைவு. "வெளியே எடுத்தா எங்க சர்வீஸ் சென்டர்ல கேஷ்லெஸ் வராது மேடம்" என்றார்கள். அந்த நிறுவனத்தின் கேஷ்லெஸ் (கைப்பணம் கட்டாமல் ரிப்பேர்) பட்டியலில் அவர்கள் ஒர்க்‌ஷாப் பெயர் இருந்ததை மொபைலில் காட்டினேன். பேச்சு ஆக்சஸரீஸுக்கு மாறிவிட்டது.

இப்போது கடன். எங்களுக்குத் தேவை 6 லட்சம், ஐந்து வருடம். ஃபைனான்ஸ் மேசையில் இருந்த பெண் ஒரு தாளில் பெரிதாக '5.5%' என்று எழுதி வட்டம் போட்டாள். வங்கி எனக்குச் சொன்னது 9. கேட்கிறவர்கள் மயங்கத்தான் செய்வார்கள். ஆனால் இது ஃப்ளாட் வட்டி. 6 லட்சத்துக்கு 5.5 வீதம் வருடத்துக்கு 33,000, ஐந்து வருடத்துக்கு 1,65,000. அசலோடு கூட்டி 60-ஆல் வகுத்தால் தவணை 12,750. கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வருமே, அதற்கு வட்டி குறைவதே இல்லை. கடைசி மாதத்திலும் முழு 6 லட்சத்துக்குத்தான் வட்டி. குறையும் நிலுவைக்கு மாற்றிப் பார்த்தால் இது சரியாக 10 சதவீதம். வங்கியின் 9 சதவீதத்துக்குத் தவணை 12,455, மொத்த வட்டி 1,47,300. வட்டம் போட்ட 5.5-ஐவிட 17,700 குறைவு.

அப்புறம் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் கேட்டேன். 2024 அக்டோபரிலிருந்து தனிநபர்கள் வாங்கும் தவணைக் கடன்களுக்கு இதைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். அதில் எழுதாத கட்டணத்தை நம் சம்மதமில்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. "அது சைன் பண்ணினப்புறம் வரும் மேடம்" என்றாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படிக்கத்தான் அந்தத் தாளே. நான் எழுந்திருக்கப் போனதும் பிரிண்ட் வந்தது. பிராசஸிங் கட்டணம் 7,080. 'லோன் புரொடெக்ட்' என்று ஓர் ஆயுள் காப்பீடு 9,000. அதுவரை யாரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டும் கடன் தொகையிலேயே பிடித்தம். கீழே ஆண்டு வட்டி: 11.2. அதே மேசையில், வட்டம் போட்ட 5.5 தாளுக்குப் பக்கத்திலேயே இந்தத் தாளும் கிடந்தது. இரண்டும் ஒரே கடன்.

முன்கூட்டியே அடைக்கும் விதியும் அதே தாளில்தான் இருந்தது. முதல் ஆறு மாதம் அடைக்க முடியாது. அதற்குப் பிறகு நிலுவையில் 5 சதவீதம் கட்டணம். இது நிலையான வட்டிக் கடன் என்பதால் அப்படிப் போட முடிகிறது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் கடனுக்கு அந்தக் கட்டணம் வாங்க ரிசர்வ் வங்கி விடுவதில்லை. போனஸ் வந்ததும் கொஞ்சம் அடைத்துவிடலாம் என்று நினைக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு, அரை சதவீத வட்டியைவிட இது பெரிய விஷயம்.

வங்கியின் பிராசஸிங் கட்டணம் 1,180-ஐக் கழித்துக் கூட்டிப் பார்த்தேன். கடனில் (வட்டி வித்தியாசம், பிராசஸிங், லோன் புரொடெக்ட்) 32,600, இன்சூரன்ஸில் 10,600. அந்த நிபந்தனைத் தள்ளுபடி 15,000-ஐ வாங்க நான் கொடுக்க வேண்டியது 43,200. கார் விலையையும் கடனையும் ஒரே பேச்சில் பேசினால் இதுதான் நடக்கும். ஒரு கையில் கொடுப்பதை இன்னொரு கையில் எடுத்துக்கொள்வார்கள். முழுப் பணமும் ரொக்கமாகத் தருகிறேன் என்றால் விழுந்து விழுந்து குறைப்பார்கள் என்று என் தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். கடனிலும் இன்சூரன்ஸிலும் டீலருக்குக் கமிஷன் இருக்கிறது. ரொக்கக்காரரிடம் அது கிடையாது. டீலர் எதற்குக் குறைக்கப் போகிறார்?

தவணை கனமாக இருந்தால் ஏழு வருடம் போடலாம் என்றும் அங்கே சொன்னார்கள். வங்கி வட்டியிலேயே அதைப் போட்டுப் பார்த்தேன். மாதத் தவணை 2,800 குறைந்து 9,653 ஆகிறது. மொத்த வட்டி 63,600 கூடுகிறது. வேண்டாம் என்று விட்டோம்.

மார்கழி விவகாரம் தனி. டிசம்பர் 31-க்குள் பில் போட்டால்தான் ஆண்டுக் கடைசி ஆஃபர். மாமியாருக்கோ வண்டி தை ஒன்றாம் தேதிதான் வீட்டுக்கு வர வேண்டும். இரண்டு ஷோரூமிலும் ஒரே பதில்: "பில் இப்பப் போட்டுடலாம், டெலிவரி பொங்கலுக்கு எடுத்துக்கங்க." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பதிவும் இன்சூரன்ஸும் டிசம்பரிலேயே ஓட ஆரம்பித்துவிடும். வண்டி ஷோரூம் யார்டில் நிற்க, நாம் பிரீமியம் கட்டிக்கொண்டிருப்போம். விற்கும்போது 2025 மாடல் என்ற பேச்சும் வரும். பத்து வருடத்துக்குக் குறையாமல் ஓட்டுகிற வீடு எங்களுடையது. அதனால் மாடல் வருடம் எனக்குப் பொருட்டில்லை. மூன்று வருடத்தில் மாற்றுகிறவர்கள் ஜனவரிக்குக் காத்திருப்பது நல்லது. எதற்கும் கார் கம்பெனி தரும் சான்றிதழான படிவம் 22-ஐக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்டி தயாரான மாதமும் வருடமும் அதில் இருக்கும். எங்களுடையது ஆகஸ்ட். மாமியாரிடம் பேசி, மார்கழியிலேயே ஒரு வளர்பிறை நாளில் எடுத்துக்கொண்டோம். பூஜையை மட்டும் தைக்குத் தள்ளி வைத்தார்.

வாங்கியது சின்ன ஷோரூமில். அங்கே நான் முதலிலேயே சொன்னது ஒன்றுதான்: கடன் என் வங்கியில், இன்சூரன்ஸ் வெளியே, ஆக்சஸரீஸ் வேண்டாம்; இவற்றை வைத்துக்கொண்டு கடைசி விலை சொல்லுங்கள். மேனேஜர் பெரியவர், அரை நிமிடம் யோசித்துவிட்டு, "இருபத்தெட்டு குறைக்கிறேனுங்க, அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார். ஹேண்ட்லிங் சார்ஜை அவரே பேனாவால் அடித்தார். ஆர்டிஓ 6,200 என்று இறங்கியது. அதுவும் அதிகம்தான், விட்டுவிட்டேன். வாரண்டியும் ஃபாஸ்டேக்கும் சேர்த்து, இன்சூரன்ஸ் உட்பட மொத்தம் 8,36,800. பெரிய ஷோரூமைவிட 34,200 குறைவு. மேட்டையும் மட் ஃப்ளாப்பையும் வெளிக்கடையில் 3,200-க்குப் போட்டுக்கொண்டோம்.

குறை இல்லாமல் இல்லை. நாங்கள் எடுத்த வேரியன்ட் டெஸ்ட் டிரைவுக்கு அங்கே கிடையாது. கீழ் மாடலைத்தான் ஓட்டிப் பார்த்தோம். டெலிவரி சொன்ன நாளில் வரவில்லை. ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தார்கள், ஆனால் ஆக்டிவேட் செய்யவில்லை. அவிநாசி தாண்டிப் போகும்போதுதான் தெரிந்தது.

வங்கி மெதுவாகத்தான் நகர்ந்தது. சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ஆறு மாத ஸ்டேட்மென்ட், புரோஃபார்மா இன்வாய்ஸ், நம் பங்குப் பணம் கட்டிய ரசீது எல்லாம் கேட்டார்கள். பிறகு ஒரு கையெழுத்து குறைகிறது என்று மறுபடி கூப்பிட்டார்கள். பணம் நம் கைக்கு வராது, நேரே டீலர் கணக்குக்குப் போகும். வெளியே இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் பாலிசியில் வங்கியின் பெயரைக் கடன் கொடுத்தவராகச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் திருத்தம் போட்டு அலைய வேண்டும்.

சம்பளச் சீட்டும் வருமான வரிக் கணக்கும் இல்லாத சின்ன வியாபாரிகளுக்கு வங்கி இந்த 9 சதவீதத்தைத் தராது. ஷோரூம் ஃபைனான்ஸ்தான் கதி என்றால் எடுக்கலாம். அப்போதும் லோன் புரொடெக்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். அந்த ஒன்றை நீக்கச் சொன்னபோது மட்டும் அந்தப் பெண் மறுப்பே சொல்லவில்லை.

பெரிய ஷோரூமுக்கு 5-க்கு 2, அதில் ஒன்று காபிக்கு. சின்ன ஷோரூமுக்கு மூன்றரை. வங்கிக்கு 4.